அப்பா சொன்னதில் பாதி

ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயம். நண்பனோடு சண்டை போட்டு, பத்து நாள் பேசாமல் இருந்து, மறுபடி பேச ஆரம்பித்தும் தீரவில்லை. அதனால் இங்கே கொட்டிவிடுகிறேன். அவனுக்குத் தெரிந்துதான் எழுதுகிறேன். பேர் மட்டும் போடக்கூடாது என்று கண்டிஷன்.

அவன் ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். கேன்வாஸில் வரைந்து சுவரில் மாட்டுகிற ஆள் இல்லை. நாலு பேரிடம் போய்ப் பேசி, அவர்கள் நினைவில் இருப்பதை வாங்கி, அதைப் பார்க்க வருகிறவர்களே இயக்கிப் பார்க்கிற மாதிரி ஒன்று செய்ய வேண்டும் என்பது அவனுடைய ஆசை. எடுத்துக்கொண்டது நம்ம புதுமண்டபம்.

மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காக இரண்டு வரி. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்களுக்கு அது மண்டபமே இல்லை, கடைவீதி. பாத்திரம், வளையல், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அங்கேதான். சிலைத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மிஷின்கள். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அந்தத் தையல்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. அழகருக்கு நேர்ந்துகொண்டு தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள், திரி எடுத்து ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் சல்லடமும் தலைப்பாகையும் அங்கேதான் தைக்கப்படும். அதில் தலைமுறை தலைமுறையாகத் தைத்த முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் கடைகளைப் பக்கத்திலேயே இருக்கும் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். தூண்கள் தூண்களாக, சிலைகள் சிலைகளாகத் தெரிய ஆரம்பித்தன. நல்லதுதான்.

அப்படி மாறிப் போன தையல்காரர்களில் எங்கப்பாவும் ஒருவர்.

நண்பன் செய்தது இதுதான். காயலான் கடையில் ஒரு பழைய பெடல் மிஷினை வாங்கினான். சக்கரத்தில் ஒரு சென்சார், அடியில் சின்ன ஸ்பீக்கர். நாம் உட்கார்ந்து பெடலை மிதித்தால் ஒரு குரல் பேசும். மிதிப்பதை நிறுத்தினால் குரலும் நின்றுவிடும். மறுபடி மிதித்தால் வேறு ஆள் பேசுவார். வளையல் கடைக்காரர், பாத்திரக் கடையில் பில் போட்டவர், கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்த ஒரு பாட்டி என்று மொத்தம் இருபத்திமூன்று பேர். முதல் தடவை மிதித்தபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது. அடுத்தவர் ஞாபகத்தைக் கேட்க வேண்டுமென்றால் நம் கால் வலிக்க வேண்டும். நாயக்கர் மகால் ஒலி ஒளிக் காட்சியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறோமே, அப்படி இல்லை இது. இந்த யோசனைக்காக அவனை எத்தனை தடவை வேண்டுமானாலும் பாராட்டுவேன்.

கண்காட்சிக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு ஒரே வெட்கம். உட்கார்ந்து மிதித்தார். ஐந்தாவதோ ஆறாவதோ அவர் குரலே வந்தது. "காலி பண்ணுன அன்னைக்கு மிஷினைத் தூக்கிட்டு வெளிய வரும்போது அழுகையா வந்துருச்சு. அந்தத் தூணு இல்லாம எனக்கு முதுகு சாய இடமில்லப்பா." அவ்வளவுதான், நாற்பது விநாடி. பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்பா மிதிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "மிச்சம் எங்கடா?"

வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு அப்பா ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். அழுதது நிஜம். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்னது: மண்டபத்துக்குள் பட்டப்பகலிலும் லைட் போட்டுத்தான் ஊசியில் நூல் கோர்க்க வேண்டும், புது இடத்துக்கு வந்த பிறகுதான் கண்ணுக்கு நிம்மதி, நாலைந்து வருடம் முன்னாலேயே மாறியிருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அத்தோடு தன்னிடம் தொழில் கற்றுக்கொண்ட பையன்களின் கதை, ஒரு சித்திரைக்கு அளவு மாறித் தைத்துவிட்டு மாட்டிக்கொண்ட காமெடி, எல்லாம் சொல்லியிருக்கிறார். எதுவும் இல்லை. அழுகை மட்டும் இருக்கிறது.

"என்னைய ஊரைவிட்டு விரட்டுன மாதிரில்ல இருக்கு. கேக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

நண்பனிடம் கேட்டேன். அவன் பதிலையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். "ஒரு மணி நேரத்தை அப்படியே வச்சா அது ரெக்கார்டு ரூம்டா, கலை இல்ல. வெட்டுறதுதான் என் வேலை. எல்லாரும் சொன்னதுல எது மனசைத் தொடுதோ அதை எடுத்தேன்." இதில் பாதி எனக்கும் சம்மதம். வெட்டாமல் எதுவும் செய்ய முடியாது. உங்கப்பாவும் வாடிக்கையாளர் கொடுத்த துணியை வெட்டித்தானே தைக்கிறார் என்று மடக்கினான். ஆனால் துணியை வெட்டுவதற்கு முன்னால் அளவு எடுப்பார்கள். தைத்த பிறகு போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். பிடிக்கவில்லை என்றால் பிரித்துத் தைத்துத் தருவார்கள். கொடுத்தவருக்குப் போட்டுக் காட்டாமல் நேராகக் கடை வாசலில் மாட்ட மாட்டார்கள். இதைச் சொன்னதும்தான் அந்தப் பத்து நாள் பேச்சு நின்றது.

சண்டைக்கு நடுவில் எனக்குக் கிடைத்தது ஒரு புத்தகம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் செய்த 'முழுமையற்ற தோம்பு', 2011-இல் வெளிவந்தது. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிப்பவர். தோம்பு என்பது போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்து நிலப் பதிவேடு. போரில் வீடு இழந்தவர்களிடம் போய், உங்கள் வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். கிணறு இங்கே, மாமரம் இங்கே, சாமியறை இங்கே என்று அவர்கள் கையால் கோணல்மாணலாக வரைந்த படம் ஒன்று. அதையே கட்டடக்கலைக்காரர் அளவுகோல் வைத்து வரைந்தது இன்னொன்று. பிறகுதான் சனாதனன் தன் கற்பனையில் வரைந்த ஓவியம். கூடவே அந்த வீட்டைப் பற்றிச் சில வரிகள். மொத்தத்தையும் அலுவலகக் கோப்பு மாதிரி சேர்த்திருக்கிறார்.

நண்பனுக்கு நான் காட்ட நினைத்தது அந்த முதல் படத்தைத்தான். ஓவியர் தன் இஷ்டத்துக்கு வரைந்திருக்கிறார், அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை. ஆனால் வீட்டுக்காரர் வரைந்ததும் பக்கத்திலேயே இருக்கிறது. ஓவியர் எங்கே விலகினார், எதைச் சேர்த்தார் என்பது நமக்குத் தெரிகிறது. வீட்டுக்காரரின் கோடு ஓவியரின் கோட்டுக்குள் காணாமல் போகவில்லை.

இதே ஆள் 2016-இல் கொச்சி பினாலேயில் வைத்தது இன்னும் எங்கள் தையல் மிஷினுக்கு நெருக்கம். பழைய நூலகங்களில் புத்தக அட்டைகள் வைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள் கொண்ட அலமாரி இருக்குமே, அது. இழுத்தால் உள்ளே அட்டைகள். அட்டைகளில் போர்க்காலத்தில் ஜனங்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்ற அனுபவங்கள். 1981-இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டு சுமார் 97,000 புத்தகங்கள் சாம்பலானது தெரிந்தவர்களுக்கு, நூலக அலமாரியை ஏன் எடுத்தார் என்று விளக்க வேண்டியதில்லை. அதிலும் நாம்தான் இழுத்து, நாம்தான் படிக்க வேண்டும். நான் நேரில் பார்க்கவில்லை, படங்களில் பார்த்ததோடு சரி. எனக்குப் பட்டது, அங்கே இருப்பது அழுகை மட்டுமல்ல. இல்லாத பொருளுக்கு மாற்றாக ஒன்றைக் கண்டுபிடித்த சாமர்த்தியமும் இருக்கிறது. பாவப்பட்ட ஜனங்கள் என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர முடியாது.

குரோஷியாவின் ஜாக்ரெப் நகரத்தில் முறிந்த உறவுகளுக்கென்று ஒரு அருங்காட்சியகம் உண்டு. காதல் முறிந்தவர்கள் ஒரு பொருளையும் அதன் கதையையும் அனுப்புவார்கள், பேர் இருக்காது. அப்படியும் ஒரு வழி. எங்கப்பாவுக்கு அது ஒத்துவராது. பேர் இல்லாவிட்டாலும் அவர் குரலைக் கேட்டால் பாதி மதுரைக்கு அடையாளம் தெரிந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறாய், நாற்பது விநாடிதானே என்று சிலர் கேட்கலாம். அப்பா விஷயத்தில் மனவருத்தத்தோடு போயிற்று. ஆனால் நண்பன் அடுத்ததாகப் போக நினைப்பது அகதி முகாம்களுக்கு. மதுரையைச் சுற்றியே ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று இருக்கின்றன. 2021-இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது. உள்ளே இருப்பவர்களில் 1983-க்குப் பிறகு வந்தவர்களும் உண்டு, இங்கேயே பிறந்தவர்களும் உண்டு. அங்கே ஒருவர் "ஊருக்குப் போகணும்" என்றும் சொல்வார், ஐந்து நிமிடம் கழித்து "பிள்ளைகள் இங்கேதான் படிச்சது, இனி எங்கே போறது" என்றும் சொல்வார். இரண்டும் நிஜம். முதலாவதை மட்டும் ஸ்பீக்கரில் போட்டால் கேட்பவர் கண் கலங்கலாம். ஆனால் குடியுரிமை கேட்டுக் காத்திருக்கும் ஒருவர் சொல்லாத ஒன்றை ஊர் முன்னால் சொன்னவராகிவிடுவார். அதைத் திருத்த அவர் எந்தக் கண்காட்சிக்கு வந்து பெடல் மிதிப்பார்?

அதனால் என் கட்சி இதுதான். நினைவை வாங்கி வந்து வெட்டுகிறவன், வெட்டியதைக் காட்சிக்கு வைக்கும் முன் கொடுத்தவரிடம் திரும்பப் போய்ப் போட்டுக் காட்ட வேண்டும். அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். முழுசாகச் சொன்னதும் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். இருபத்திமூன்று பேர் பதினைந்து ஆனாலும் பரவாயில்லை. பார்வையாளர் பெடல் மிதிப்பதை மட்டும் பங்கேற்பு என்று சொல்லிக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை, சொன்னவருக்கு அதில் பங்கு இல்லாதபோது.

நண்பன் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. பதினைந்து பேர் என்றால் படைப்பு செத்துவிடும் என்கிறான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அப்பா கடைக்கு வந்தான். ஒரு மணி நேரப் பேச்சையும் போட்டார்கள். அப்பா காஜா எடுத்துக்கொண்டே கேட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி, இது அந்த வருசம் இல்ல, அதுக்கு முந்தின சித்திரை என்று திருத்தினார். அளவு மாறித் தைத்த கதை வந்ததும் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அதையும் அவன் பதிவு செய்துகொண்டான். கிளம்பும்போது அப்பா அந்த மிஷினைப் பற்றி மட்டும் ஒன்று சொன்னார்: பெல்ட் தளர்ந்து கிடக்கு, எண்ணெய் விடணும், கொண்டு வா.