வழிபாட்டு உரிமையும் கலெக்டரின் கையெழுத்தும்

இந்திய அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு, தம் மதத்தை ஏற்கவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. ஆனால் அந்தப் பிரிவு தொடங்குவதே நிபந்தனையோடுதான்: பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே இந்த உரிமை. அமெரிக்க சாசனத்தில் 1791-ல் சேர்ந்த முதல் திருத்தத்தில் இப்படி எந்த நிபந்தனையும் எழுதப்படவில்லை. வரம்புகளைப் பின்னால் நீதிமன்றங்கள் வகுத்தன. கன்னியாகுமரி மாவட்டத்தில் மதச் சுதந்திரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நினைப்பவர் 'உரிமை' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'பொது ஒழுங்கு' எங்கெல்லாம் வருகிறது என்று பார்ப்பது நல்லது.

'பரப்பவும்' என்ற சொல் எளிதில் உள்ளே வந்துவிடவில்லை. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதை எதிர்த்துப் பேசியவர்கள் உண்டு. ஆதரித்தவர்களில் ஒருவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பதினான்கு ஆண்டு கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் படித்தும் தம்மை யாரும் மதம் மாற்ற முயன்றதில்லை என்று அவர் சபையில் சொன்னார். 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது மற்றவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பதை அந்தத் தீர்ப்பு முழுதாகத் தெளிவாக்கவில்லை.

இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் தென் திருவிதாங்கூரில் இந்தத் தகராறு சாசனத்தைவிட மூத்தது. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே வந்தபின் மயிலாடியில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் வேரூன்றியது. மதம் மாறிய நாடார் பெண்கள் மேலாடை அணியத் தொடங்கியதும் ஆதிக்க சாதிகள் தடுத்தன. சந்தைகளில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது, ஜெபக்கூடங்கள் எரிந்தன. 1829 பிப்ரவரி 3 அன்று ராணி கௌரி பார்வதி பாய் வெளியிட்ட பிரகடனம், நாயர் பெண்களைப் போல மேல்சீலை போடுவதை அந்தப் பெண்களுக்கு மறுத்தது. அதே பிரகடனம், சர்க்கார் அனுமதி இல்லாமல் ஜெபக்கூடம் கட்டக் கூடாது என்றும் சொன்னது. தாக்கியவர் யார் என்று தேடுவதைவிட, கட்டுகிறவரை மனு கொடுக்கச் சொல்வது ஆட்சிக்கு எப்போதும் சுலபம்.

1858 நவம்பரில் விக்டோரியா ராணி, குடிகளின் மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்று அறிவித்தார். காகிதத்தில் அது மதச் சுதந்திரப் பிரகடனம். தென் திருவிதாங்கூரிலோ, இனி வெள்ளைக்காரன் குறுக்கே வரமாட்டான் என்று சிலர் அதற்குப் பொருள் கொண்டார்கள். மேலாடையைச் சுற்றிய தோள்சீலைக் கலகம் மீண்டும் மூண்டது. 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேற்சட்டை அணியலாம். அல்லது மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியால் மூடிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. உரிமை கிடைத்தது; ஆனால் எந்தத் துணி, எந்த விதத்தில் என்று அரசு அளந்து கொடுத்த உரிமை அது.

1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. 2011 கணக்கெடுப்பில் இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.2 சதவீதம். ஆனால் எண்ணிக்கை பாதிக்குப் பாதி என்பதே சண்டைக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. உள்நாட்டில் ஒரே நாடார் குடும்பத்தில் அண்ணன் கோயிலுக்கும் தம்பி சிஎஸ்ஐ சபைக்கும் போவது சாதாரணம். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்காருகிறார்கள். கடப்புறத்து முக்குவருக்கும் உள்நாட்டாருக்கும் நடுவே அந்த உறவு இல்லை. கடற்கரைப் பெண்கள் மீன்கூடையைத் தலையில் சுமந்து உள்ளூர்களுக்கு வருவார்கள், விற்றுவிட்டுத் திரும்புவார்கள். கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் கூடையோடு முடிந்துவிடும்.

அந்த இடைவெளியில்தான் மண்டைக்காட்டில் கலவரம் வெடித்தது. குளச்சல் பக்கத்திலுள்ள அந்த ஊரின் பகவதி அம்மன் கோயிலில் அம்மன் புற்று வடிவில் இருக்கிறாள். மாசிக் கொடைக்கு இருமுடி கட்டிக் கேரளத்திலிருந்தும் பெண்கள் வருவதால் 'பெண்களின் சபரிமலை' என்று பேர். தலைவலி தீர மண்டையப்பம் நேர்வார்கள். கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடல். குளிக்கப் போகும் கரை, கத்தோலிக்க மீனவர்கள் வாழும் புதூர். எத்தனையோ கொடை சச்சரவில்லாமல் நடந்த இடம் அது.

1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் தலித் குடும்பங்கள் பெருமளவில் இஸ்லாமுக்கு மாறியது நாடு முழுதும் பேச்சானது. அதற்கு முன்பே, அறுபதுகளில், கன்னியாகுமரியின் விவேகானந்தர் பாறையில் சிலுவையா மண்டபமா என்ற சண்டை ஒரு தழும்பை விட்டிருந்தது. 1982 பிப்ரவரியில் நாகர்கோவிலில் இந்து அமைப்புகளின் மாநாடும் ஊர்வலமும் நடந்தன. மாசிக் கொடை தொடங்கியபோது ஒலிபெருக்கிச் சண்டை, கடலில் குளிக்கப் போன பெண்களிடம் வம்பு என்ற புகார், அதன்மேல் வதந்தி. மார்ச் 1 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு மீனவர்கள் இறந்தார்கள். மோதல் பல ஊர்களுக்குப் பரவி வீடுகளும் படகுகளும் வலைகளும் நாசமாயின. அமைதிக்காக ஊர் ஊராக நடந்தவர்களில் குன்றக்குடி அடிகளாரின் பெயரைப் பழைய தலைமுறை இன்றும் சொல்லும்.

எம்.ஜி.ஆர். அரசு நீதிபதி பி. வேணுகோபால் விசாரணைக் கமிஷனை அமைத்தது. கமிஷன் இரு பக்கமும் குற்றம் கண்டது. ஆர்.எஸ்.எஸ். பயிற்சிமுறை போர்க்குணத்தை வளர்க்கிறது என்றது. மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்றும் சொன்னது. பரிந்துரைகளை ஏற்று 1986-ல் அரசாணை வந்தது. மதமாற்றச் சட்டம் அப்போது வரவில்லை. வழிபாட்டிடங்களைக் கட்டுவதிலும் ஒலிபெருக்கியிலும் ஊர்வலத்திலும் கட்டுப்பாடுதான் நிலைத்தது. அரசியலில் விளைவு வேகமாகத் தெரிந்தது: 1984-ல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணி சார்ந்த வேட்பாளர் சட்டமன்றத்துக்குப் போனார், 1996-ல் அதே தொகுதி தமிழகத்தின் முதல் பாஜக எம்.எல்.ஏ.வைத் தந்தது.

மதமாற்றத் தடைச் சட்டம் மண்டைக்காட்டுக்கு இருபது ஆண்டு கழித்து, 2002 அக்டோபரில், ஜெயலலிதா அரசின் அவசரச் சட்டமாக வந்தது. கட்டாயத்தாலோ ஆசை காட்டியோ மாற்றினால் சிறை; மாற்றும் சடங்கை நடத்துகிறவர் மாவட்ட நிர்வாகத்துக்குத் தகவல் தர வேண்டும். 2004 மக்களவைத் தேர்தலில் அதிமுக ஒரு தொகுதியிலும் வெல்லாத கையோடு, அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. கொண்டுவந்தவரே எடுத்துவிட்டதால் அது சரியா தவறா என்ற வாதம் பாதியில் நின்றது.

நிலைத்தது கட்டட விதிதான். 1997-ன் தமிழ்நாடு ஊராட்சிக் கட்டட விதிகள், பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட கலெக்டரின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கின. பொது அமைதிக்குக் கேடு வரும் என்று கலெக்டர் கருதினால் மறுக்கலாம் என்றன. நடைமுறையில் இப்படி ஆகிறது: ஒருவர் சொந்த இடத்தில் ஜெபக்கூடமோ, சாஸ்தா கோயிலுக்கு மண்டபமோ கட்ட மனு கொடுக்கிறார். தாசில்தார், ஆர்டிஓ, போலீஸ் ஆகியோரிடம் அறிக்கை கேட்கப்படுகிறது. யாரோ ஆட்சேபணை எழுதுகிறார்கள். தாலுகா ஆபீஸில் சமாதானக் கூட்டம்; இரு தரப்பும் கையெழுத்துப் போடுகிறது. 'சட்டம் ஒழுங்கு பிரச்சினை வர வாய்ப்புண்டு' என்று ஒரு வரி ஃபைலில் ஏறுகிறது. அந்த வரி ஏறியபின் மனு நகர்வது அரிது. மனுதாரர் கலகம் செய்வார் என்று யாரும் சொல்லவில்லை. எதிர்ப்பவர் செய்யக்கூடும் என்பதே மறுக்கக் காரணம். அதாவது யார் அதிகம் மிரட்டுகிறாரோ அவருக்கே விதி பயன்படுகிறது. இதில் இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என்ற பேதம் இல்லை. எந்த ஊரில் யார் சிறுபான்மையோ அவர் காத்திருக்கிறார்.

விதியை ஆதரிப்பவர் சொல்வதும் தள்ளக்கூடியதல்ல. புறம்போக்கில் ராத்திரியோடு ராத்திரியாகக் குருசடியும் பீடமும் எழும் மாவட்டம் இது. 1982-ல் ரத்தம் பார்த்த அதிகாரி எச்சரிக்கையாக இருப்பதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் புறம்போக்கு ஆக்கிரமிப்பைத் தடுக்க வருவாய்ச் சட்டம் இருக்கிறது. அதற்காகப் பட்டா நிலத்தில் கட்டுகிறவரையும் அதே வரிசையில் நிறுத்த வேண்டியதில்லை.

அமெரிக்கா இதே கேள்விக்கு வேறு விடை எழுதிப் பார்த்தது. 2000 செப்டம்பரில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம், நிலப் பயன்பாட்டு விதிகளைக் கொண்டு வழிபாட்டிடங்களை உள்ளாட்சி நிர்வாகம் நசுக்கக் கூடாது என்றது. மதத்தின்மேல் பெரும் சுமை ஏற்றினால், அதற்குக் கட்டாயமான பொது நலன் உண்டு என்றும் அதைவிடக் குறைந்த தடை போதாது என்றும் அரசுதான் நிரூபிக்க வேண்டும். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் செப்டம்பர் 11 தாக்குதல். அந்தத் துயரத்தின் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இஸ்லாமிய மையம் கட்டும் திட்டம் 2010-ல் நாட்டையே பிளந்தது. பெரும்பாலோர் எதிர்க்கிறார்கள் என்றே கருத்துக் கணிப்புகள் காட்டின. பழைய கட்டடத்துக்குப் பாரம்பரியச் சின்ன அந்தஸ்து கேட்டவர்களின் கோரிக்கையை நியூயார்க் நகர ஆணையம் ஒருமனதாக நிராகரித்தது. கட்டத் தடை இல்லை. அதிபர் ஒபாமா ஒரு நாள் உரிமையை ஆதரித்தார். மறுநாள், அங்கே கட்டுவது உசிதமா என்று தாம் சொல்லவில்லை என்றார். கடைசியில் அந்த இடத்தில் எழுந்தது அடுக்குமாடிக் குடியிருப்பு. சட்டம் உரிமையைக் காத்தும் கட்டடம் வரவில்லை; அமெரிக்காவை முன்மாதிரியாகக் காட்டுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும் அங்கே எதிர்ப்பவரின் கோபம் அரசின் மறுப்பாக மாறவில்லை. இங்கே மாறுகிறது.

மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. மனுவுக்குக் கெடு நாள் வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அமைதி குலையும் என்றால், யாரால் குலையும் என்பதை ஃபைலில் குறிக்க வேண்டும். குலைப்பவர்மேல் நடவடிக்கை எடுக்காமல் மனுவை மட்டும் தள்ளும் கையெழுத்து, மண்டைக்காட்டுக்குப் பிந்தைய எச்சரிக்கை அல்ல, 1829-ன் சர்க்கார் வழக்கம்.