பாலாற்றங்கரையில் பெரிய அரசு

பெரிய அரசின் காலம் முடிந்துவிட்டதென்று 1996 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிவித்தார் அப்போதைய அதிபர் பில் கிளின்டன். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றை மாசுபடுத்திய டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் நேரெதிர்த் திசையில் நடந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. இழப்பைக் கணக்கிட்டு வசூலிக்கப் புதிதாக ஓர் ஆணையத்தையும் அமைக்கச் சொன்னது.

‘பெரிய அரசு’ பெரும்பாலும் வசைச்சொல்லாகவே புழங்குகிறது. வரி அதிகம், அதிகாரிகள் அதிகம், தலையீடு அதிகம் என்பது அதன் உள்ளடக்கம். 2014இல் மோடி முன்வைத்த ‘குறைந்த அரசு’ முழக்கமும் இந்த எரிச்சலை நம்பியதுதான்.

பாலாற்றங்கரைத் தோல் தொழில் வட்டாரத்தில் இந்த வசை யாருக்குப் பொருந்தும்? 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டு, முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் தொழிலைத் திருப்பியது மத்திய அரசு. தோல் பதனிடப் பயன்பட்ட ஆவாரம்பட்டை பின்வாங்க, அதனிடத்தில் குரோமியம் பெருகியது. அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் மனை, ஏற்றுமதிச் சலுகை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மானியம் என்று வந்தபோதெல்லாம் அரசின் பருமன் உறுத்தவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் வாசலுக்கு வந்தால்தான் உறுத்துகிறது.

ஆனால் அந்த ஆய்வாளர் செய்ததுதான் என்ன? நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்தாயிற்று. தமிழ்நாட்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. இரண்டும் இருந்தும் பாலாறு கெட்டது. அதனால் ஆணையம் வந்தது. 2001இல் அது 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் 26 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு நிர்ணயித்தது. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் இறந்தார்கள். ஆற்றைக் காக்கக் கட்டிய அமைப்பே ஆளைக் கொன்றது.

இங்கே அரசு பருத்தது அதிகாரப் பசியால் அல்ல. முதலில் வைத்த ஆள் வேலை செய்யாததால் அவர் தலைக்குமேல் இன்னொருவர், அவருக்கும் மேல் இன்னொருவர். ஆட்களைக் குறைக்கச் சொல்வோர் இதில் எந்த வேலை தேவையில்லை என்றும் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் உத்தரவிட்டது: பாதிக்கப்பட்டவர்களுக்கு முதலில் அரசு பணம் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும், கண்காணிக்க, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் நான்கு மாதத்துக்குள் ஒரு குழு அமையட்டும்.