எல்லைத் தகராறை மறைத்து வீட்டை விற்றால் என்ன ஆகும்?

குற்றாலத்துக்குப் பக்கத்தில், தென்காசி மாவட்டம் வடகரையில் 4 சென்ட்டில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டா சரி, வில்லங்கச் சான்றும் சுத்தம். பத்திரப்பதிவு முடிந்து, காம்பவுண்டு கட்டக் குழி தோண்டும் அன்றுதான் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார்: “இந்த ரெண்டு அடி எங்க இடம். பழைய ஓனர்கிட்ட கேட்டுப் பாருங்க, நோட்டீஸே அனுப்பியிருக்கோம்.”

60 அடி நீளத்தில் 2 அடி என்றால் 120 சதுர அடி. கால் சென்ட்டுக்கும் மேல்!

விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டுமா? வேண்டும். 1882-ம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம், பிரிவு 55(1)(ஏ) அதைத்தான் சொல்கிறது. சொத்திலோ உரிமையிலோ முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் வாய் திறந்தே ஆக வேண்டும். மறைத்தால் அது மோசடி என்கிறது அதே பிரிவு.

எப்போதோ வேலி ஓரம் நடந்து முடிந்துபோன வாய்ச்சண்டையை எல்லாம் சொல்லத் தேவையில்லை. வக்கீல் நோட்டீஸ், தாலுகா அலுவலகத்தில் மனு, நீதிமன்ற வழக்கு என்று போயிருந்தால் கதை வேறு.

வழக்கு நடக்கும்போதே விற்றால் சிக்கல் இன்னும் பெரிது. பிரிவு 52-ன்படி, அந்தத் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். ‘எனக்குத் தெரியாதே, முழுப் பணமும் கொடுத்துட்டேனே’ என்பது எடுபடாது. மகாராஷ்டிரம், குஜராத்தில் இப்படிப்பட்ட வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி உண்டு. தமிழ்நாட்டில் அது இல்லை. அதனால்தான் வழக்கு ஓடிக்கொண்டிருந்தும் இசி ‘க்ளீன்’ ஆக வரலாம். பலர் ஏமாறுவது இங்கேதான்.

சார்-பதிவாளர் பார்த்துக்கொள்வார் என்றும் இருக்க முடியாது. விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது அவர் வேலை இல்லை என்று, தமிழ்நாட்டின் பதிவு விதி 55ஏ(i)-ஐ ரத்து செய்தபோது 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

அதற்காக எல்லாப் பொறுப்பும் விற்றவர் தலையில் விழாது. சாதாரணமாக விசாரித்தாலே தெரிந்திருக்கும் விஷயம் என்றால், அவர் சும்மா இருந்ததை மட்டும் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்வது கடினம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 19 குறுக்கே நிற்கும். ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எஃப்எம்பி வரைபடத்தை எடுத்து, பத்திரத்தில் உள்ள நான்கு மாலோடு ஒப்பிட வேண்டும். சர்வேயரை வைத்து அளக்க ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். விற்பவரின் பெயரைப் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். எல்லாவற்றையும்விட, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்பது மேல். அதற்குக் காசு கிடையாது. இங்கிலாந்தில் வீடு விற்பவர்கள் நிரப்பும் டிஏ6 படிவத்தில் அண்டை வீட்டாருடன் தகராறு உண்டா என்று தனியாகவே கேட்பார்கள். இங்கே நாம்தான் கேட்டாக வேண்டும்.

சொன்னால் விலை குறையுமே என்பது விற்பவரின் பயம். நியாயமான பயம்தான். ஆனால் தகராறில் உள்ள துண்டை விட்டுவிட்டு மீதி அளவுக்கு மட்டும் கிரயம் எழுதலாம். அல்லது தகராறை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி, அளந்து கல் நட்ட பிறகு பாக்கிப் பணம் என்று பேசிக்கொள்ளலாம். ‘எந்த வில்லங்கமும் இல்லை, பின்னால் வந்தால் என் சொந்தச் செலவில் தீர்த்துத் தருகிறேன்’ என்று வழக்கமாக எழுதும் வரியில், நோட்டீஸை வீட்டில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டால், பின்னால் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக முதலில் காட்டப்படுவது அந்த வரிதான்.