நோய்க்குச் சம்பள வரம்பு உண்டா?

ஏழைக்கு நோய் வந்தால் அது தலைவிதி என்றும், வைத்தியம் கிடைத்தால் அது தர்மப் பிரபுவின் கருணை என்றும் நம் பாமர மக்களுக்கு வெகுகாலமாகச் சொல்லி வைத்திருக்கின்றார்கள். இப்போது அந்தத் தர்மப் பிரபுவின் இடத்தில் இன்ஷூரன்ஸ் அட்டையை வைத்துக் கும்பிடச் சொல்லுகின்றார்கள். அந்த அட்டை யார் பணத்தில் நடக்கின்றது என்று கணக்குப் பார்த்தால் கும்பிட வேண்டிய அவசியமே இராது.

மறைமலை நகர் முதல் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரையுள்ள தொழிற்சாலைகளில் மாதம் 15,000 ரூபாய் வாங்கும் தொழிலாளி ஒருவனை எடுத்துக்கொள்ளுவோம். 2019 முதல் உள்ள விகிதப்படி, இ.எஸ்.ஐ.க்கு அவன் சம்பளத்தில் 100க்கு முக்கால் வீதம் 112 ரூபாய் 50 காசு பிடிக்கப்படுகின்றது. முதலாளி 100க்கு மூன்றேகால் வீதம் 487 ரூபாய் 50 காசு கட்டவேண்டும். அந்தப் பணமும் அவன் உழைப்பில் விளைந்ததுதானே? ஆக 600 ரூபாய். இதற்குத்தான் குடும்பத்துக்கு வைத்தியமும் மருந்தும், நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 100க்கு 70 வீதமும் என்று சட்டப்படி ஏற்பாடாகி இருக்கின்றது. இதில் பிச்சை எங்கே இருக்கின்றது?

ஆனால் இந்தச் சட்டத்தின் வாசலில் ஒரு வரம்பு நிற்கின்றது. 2017இல் அது 21,000 ரூபாய் ஆக்கப்பட்டது. சம்பளம் அதைத் தாண்டினால், நடக்கிற ஆறு மாதக் கெடு முடிந்ததும் ஆள் வெளியே.

மற்றொரு வாசல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். சர்க்கார் பிரிமியம் கட்டுகின்றது. குடும்பத்துக்கு வருஷத்தில் 5 லட்சம் ரூபாய் வரையில், இன்ன சிகிச்சைக்கு இன்ன தொகை என்று ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கப்படுகின்றது. இதனால் பிழைத்த உயிர்கள் பல. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் வரம்பாக வைத்தது குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000.

அப்படியானால் மாதம் 22,000 வாங்குகின்றவன் எந்த வாசலில் நுழைவது? பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறையில் 12,000 வாங்குகின்றவன் எங்கே போவது? ஒருவனுக்குச் சம்பளம் அதிகமாம். மற்றவனுக்குப் பட்டறை சிறியதாம்! இருவரும் போகக்கூடிய வாசல் அடகுக்கடை வாசல்தான்.

செங்கல்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். உண்மையே! வரிப்பணத்தில் நடக்கும் அந்த ஆஸ்பத்திரி சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. அந்த நியாயம் இன்ஷூரன்ஸுக்கு மட்டும் ஏன் ஆகாது? இங்கிலாந்து 1948இலும், நம்மைப்போன்ற ஆசிய நாடாகிய தாய்லாந்து 2002இலும் வரிப்பணத்தைக் கொண்டே விட்டுப்போன ஜனங்களையும் சேர்த்துக்கொண்டன.

“வசதியுள்ளவனுக்கு எதற்கு?” என்பார்கள். வசதியுள்ளவன் வெளியே நின்றால் அவன் பணமும் வெளியே நிற்கும். இன்ஷூரன்ஸ் என்பதே இன்று சுகமாயிருப்பவன் இன்று படுத்திருப்பவனுக்காகக் கட்டுவதுதான். எல்லோரும் சேர்ந்தால்தான் பானை நிறையும். சக்திக்கேற்பக் கட்டட்டும், நோய்க்கேற்பப் பெறட்டும்.

காண்ட்ராக்ட் தோழர்களே! சம்பளத்தில் பிடித்த பணம் உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணில் ஏறியிருக்கின்றதா என்று இன்றே பாருங்கள். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதலில் கட்டவேண்டிய பொறுப்பு ஆலை முதலாளியுடையது. சட்டமே அப்படித்தான் சொல்லுகின்றது. பணம் உங்களுடையது. கேட்பதற்கு வெட்கப்படுவானேன்?