முறுக்கினால் கசிவு நிற்குமா?

மாணவர்களே, வீட்டு மீன் தொட்டியின் குழாய் இணைப்பில் நீர் சொட்டினால் என்ன செய்வீர்கள்? பலரும் ஸ்பேனரை எடுத்து இன்னும் இறுக்கத்தான் பார்ப்பார்கள். என் கருத்தில், முதலில் கணக்கைப் போட வேண்டும்.

நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. 30 செ.மீ. ஆழத்தில் அது ஏறத்தாழ 3 கிலோபாஸ்கல் மட்டுமே. ஐந்தாம் படிவ இயற்பியல் பாடத்தில் வரும் சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள். இதைத் தடுக்க முரட்டு பலம் எதற்கு? மிகையாக இறுக்கினால் பிளாஸ்டிக் இணைப்பில் விரிசல் விழும். ரப்பர் வாஷரும் பிதுங்கிவிடும்.

முதலில் பம்பின் மின் இணைப்பைத் துண்டியுங்கள். இணைப்புக்குக் கீழே வரும்வரை நீரை இறக்குங்கள். கழற்றி, ஒட்டியிருக்கும் பாசியையும் மணலையும் துடையுங்கள். வாஷர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். வாஷர் இல்லாத குழாய் மரையில், அது முறுகும் திசையிலேயே டெஃப்லான் டேப்பைச் சுற்றுங்கள். பிறகு கையால் இறுக்கி, ஸ்பேனரால் சற்றே திருப்பினால் போதும்.

'சொட்டுதானே' என்று விட்டுவிடாதீர்கள். 20 சொட்டு 1 மில்லிலிட்டர் என்றால், நொடிக்கு ஒரு சொட்டு நாளுக்கு 4.3 லிட்டர் ஆகும். 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் நீர்மட்டம் தினமும் 2.4 செ.மீ. இறங்கும். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆறு மாசடைந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் குழாய்கள் வறண்டன. அப்படி ஒரு வாரம் மீண்டும் வந்தால், ஒழுகும் தொட்டியை எதைக் கொண்டு நிரப்புவீர்கள்? மீன்களால் காத்திருக்க முடியாது. கசிவை இன்றே பாருங்கள்.