இறக்கத்தில் பெடல் தரையைத் தொட்டால்…
வண்டிப் பட்டறை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

“எங்களிடம் 1994-ம் வருட மஹிந்திரா எம்.எம். 540 ஜீப் இருக்கிறது. கொல்லிமலையில் சோளக்காட்டுக்குப் பக்கத்தில் மிளகும் அன்னாசியும் போட்டிருக்கிறோம். போன மாதம் காரவள்ளிக்கு இறங்கும்போது பாதி மலையில் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. நாலைந்து தடவை அடித்த பிறகுதான் பிடித்தது. மலைப்பக்கம் உரசி நிறுத்தினேன். பின்னால் ஆறு பேர், அதில் என் தங்கை மகளும் இருந்தாள். அரை மணி நேரம் கழித்துப் பெடல் தானாகவே சரியாகிவிட்டது. டப்பாவில் பிரேக் ஆயில் குறைந்திருந்ததால், வண்டியில் இருந்த ஆயிலை ஊற்றிக்கொண்டு இறங்கினேன். இப்போது பிரேக் பிடித்தால் சக்கரம் உடனே விடமாட்டேன் என்கிறது. நல்ல பட்டறைக்கு நாமக்கல் போக வேண்டும். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? மகன் சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கிப் படிக்கிறான். சாமான் அவன் வாங்கி அனுப்புவான்.”
- கொல்லிமலை வாசகர்

ஐயா, முதலில் ஒன்று. இந்த வண்டியை இப்போதிருக்கும் நிலையில் மலையிலிருந்து இறக்காதீர்கள். காலி வண்டியாக, மெதுவாக என்றாலும் வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு அந்த பிரேக் தாங்காது. மெக்கானிக்கை மேலே வரவழையுங்கள், அல்லது கீழே எழுதியிருப்பதைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்று கோளாறுகள் தெரிகின்றன. பெடல் இறங்கியதும், ஆறியபின் தானாகச் சரியானதும் பிரேக் ஆயில் கொதித்ததால். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயிலுக்கு அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. தொடர்ந்து பிரேக் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம்மின் சூடு வீல் சிலிண்டருக்குள் போய், ஆயில் கொதித்து ஆவியாகிறது. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால்தான் கால் தரைக்குப் போனது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இந்த ஆயிலை முழுசாக மாற்ற வேண்டும். பத்து வருடமாக மேலே மேலே ஊற்றியே ஓட்டுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, டப்பாவில் ஆயில் குறைந்திருந்தது. பிரேக் ஷூ தேயத் தேய அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. வெகுவாக இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

மூன்றாவதுதான் எனக்குக் கவலை. கையில் இருந்த ஆயில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன ஆயில்? என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ என்றால், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் அத்தனையும் ஊதிப்போயிருக்கும். பிரேக் பிடித்தால் விடவில்லை என்பது அதற்குத்தான் பொருந்துகிறது. சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, மாஸ்டர் சிலிண்டர் டப்பாவிலிருந்து நாலு சொட்டு எடுத்து விட்டுக் கலக்குங்கள். சரியான பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே எண்ணெய்ப்படலமாக மிதந்தால் வேறு ஆயில் கலந்துவிட்டது. அப்படியானால் பாதி வேலை செய்து பயனில்லை. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர் எல்லாவற்றின் ரப்பரும், ஓஸ் பைப் எல்லாமும் புதிதாகப் போட வேண்டும். இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவிக் காயவிட வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய் இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. அவையும் ரப்பரைக் கெடுக்கும்.

ஜாக்கி போடுவதற்கு முன் இதைப் படியுங்கள். இந்த வகைப் பழைய ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒரு சின்ன டிரம் இருக்கிறதே, அதில்தான் பிடிக்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கியதும், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்றிக்கொள்ளும். தரையில் இருக்கும் சக்கரம் உருளலாம். ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று என்று நம்பி அடியில் படுத்தவர்கள் உண்டு. சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய கல்லோ மரக்கட்டையோ முட்டுக் கொடுங்கள். கியரிலும் போட்டு வையுங்கள். ஜாக்கியின் மேல் நம்பிக்கை வைக்காமல் அச்சுக்கு அடியில் கட்டை அடுக்குங்கள்.

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். வாயால் ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குக் கேடு. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைப் புதைத்துவிடுங்கள். பிறகு வீல் சிலிண்டரின் இரு முனையிலும் உள்ள தூசி ரப்பரை மெல்லத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் கசிவு அங்கேதான். சிலிண்டரின் உட்சுவரில் விரலைத் தேய்த்துப் பார்த்து, குழி விழுந்திருந்தால் ரப்பரோடு விடாமல் சிலிண்டரையே மாற்றுங்கள். குழிவிழுந்த சிலிண்டரில் புது வாஷர் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. லைனிங்கில் ஆயில் பட்டிருந்தால் அதைக் கழுவியோ சுட்டோ மறுபடி போடக்கூடாது. ஒரே அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எல்லாம் மாட்டியபின் ஏர் எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் யாரையாவது பெடலில் உட்கார வையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நிப்பிளில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, மறுமுனை கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முழுகியிருக்கட்டும். அவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு குரல் கொடுக்கட்டும். நீங்கள் நிப்பிளைத் தளர்த்தி, குமிழி வெளியே வந்ததும் இறுக்கி, அதன் பிறகே “விடு” என்று சொல்லுங்கள். இந்த வரிசை தப்பினால் வெளியே போன காற்று உள்ளே வரும். இடையில் டப்பா காலியாகவிடக் கூடாது. பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப ஊற்றவும் கூடாது. பின்தட்டில் இருக்கும் அட்ஜஸ்டரைச் சக்கரம் உரசும்வரை திருகி, உரசல் விடும்வரை பின்னால் திருப்பினால் ஷூ சரியாக நிற்கும்.

சோதனை இப்படி. பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். கால் மெல்ல இறங்கிக்கொண்டே போனால், எங்கும் கசிவு தெரியாவிட்டாலும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. பஞ்சுபோல் அமுங்கினால் காற்று இன்னும் இருக்கிறது. இரண்டு மிதியில் உயர்ந்து கெட்டியானால் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் போதவில்லை. பிறகு சமதரையில் நடை வேகத்தில் ஓட்டி, நிறுத்தி நிறுத்தி ஒரு கிலோமீட்டர் போய் வந்து நான்கு டிரம்மையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அது விடவில்லை. ஒன்று மட்டும் ஆறியிருந்தால் அது பிடிக்கவில்லை. முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் முனையை விரிப்பதும் டிரம் கடைவதும் வீட்டு வேலை இல்லை.

தம்பிக்குச் சாமான் வாங்கும் வழி: திருவல்லிக்கேணியில் இருப்பவருக்கு இது நடக்கிற தூரம்தான். அண்ணாசாலைக்கு இந்தப் பக்கமே ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புது ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும். கூவத்துக்கு அந்தப் பக்கம் புதுப்பேட்டை, அது பழைய சாமான் சந்தை. பம்பர், கதவு, கியர் பாக்ஸ் கூடு என்றால் புதுப்பேட்டையில் தாராளமாகத் தேடட்டும். பிரேக் சம்பந்தமான ரப்பர், லைனிங், ஓஸ் பைப், சிலிண்டர் எதுவும் பழையதாக வேண்டாம். ஆயில் மூடி பிரிக்காத டப்பாவாக இருக்கட்டும். கழற்றிய பழைய சிலிண்டரை, முடியாவிட்டால் அதில் பொறித்த எண் தெரியும்படி எடுத்த போட்டோவை அவருக்கு அனுப்புங்கள். ‘540-க்கு’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் மூன்று அளவு எடுத்துப் போடுவார்.

நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குகிற பழக்கம் உண்டா? கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், டீசல் பம்பே ஊட்டத்தை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் சும்மா ஓடுவதற்கு டீசல் செலவாகிறது. எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள். அதற்காகத் தார் ரோட்டில் ஃபோர் வீல் போடவேண்டாம். இந்த ஜீப்பில் முன்னச்சும் பின்னச்சும் சேர்ந்தே சுற்றும், வளைவில் இரண்டும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருப்பதால் கியரும் ஷாஃப்ட்டும் முறுக்கிக்கொள்ளும். தோட்டத்துச் சேற்றுப் பாதையில் போடுங்கள், அங்கே சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும்.

தங்கை மகள் பயந்துபோயிருப்பாள். வேலை முடிந்து நாலு தடவை காலியாக இறங்கி ஏறிய பிறகு ஆளை ஏற்றுங்கள்.

“எங்கள் ஜீப்பும் அதே என்ஜின்தான். காலையில் வெள்ளைப் புகை விட்டு, வெகுநேரம் செல்ஃப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆகிறது. வெயில் ஏறினால் பிரச்சினை இல்லை.”
- போடி வாசகர்

எம்.எம். 540-ல் இருப்பது பியூஜோ வகை 2112 சிசி டீசல் என்ஜின். அதற்குக் குளிரில் ஹீட்டர் பிளக் வேண்டும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு சோதனை பல்பு வழியாக ஒயர் எடுத்து, இணைப்பைக் கழற்றிய ஒவ்வொரு பிளக்கின் முனையிலும் தொட்டுப் பாருங்கள். பல்பு எரியாத பிளக் போய்விட்டது, மாற்றுங்கள். நான்கும் எரிந்தால் பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள், ரிலேயும் பழைய ஒயரும் அடுத்த சந்தேகம். அதுவும் சரியென்றால் டீசல் ஃபில்டரின் அடியில் தண்ணீர் வடித்துவிட்டு, கைப்பம்பால் குமிழி நிற்கும்வரை ஏர் எடுத்துப் பார்த்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.