தீப்பெட்டிப் படங்களும் மைதாப் பசையும்

தீப்பெட்டிப் படம் சேர்ப்பவர்கள் பசையைத் தொடக்கூடாது என்பது என் கட்சி. பட்டறிந்து சொல்கிறேன். பள்ளி நாள்களில் கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பெட்டிகளின் முகப்பைக் கத்தரித்து, நீண்ட கணக்கு நோட்டுகளில் ஒட்டி, சிங்கம், மயில், பூ என்று உருவவாரியாக அடுக்கினேன். 2023 டிசம்பர்ப் பெருமழையில் தச்சநல்லூர் வீட்டுக்குள் நீர் புகுந்தபோது கீழ்த்தட்டு நோட்டுகள் கட்டிகளாயின. ஒட்டச் சோம்பி, பிஸ்கட் டப்பாவில் பரண்மேல் போட்டவை தப்பின.

தப்பியவற்றை இப்போது ஊர்வாரியாகப் பிரித்துத் தாள் உறைகளில் இடுகிறேன்; பூச்சிக்கு வசம்புத் துண்டு. உருவவாரி அடுக்கு கண்ணுக்கு அழகு, ஆனால் வரலாற்றை மறைப்பது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில் கரிசல் சிற்றூர்களுக்கெல்லாம் பரவியதைப் படத்தடியிலுள்ள பொடியெழுத்தே சொல்லும். ஐம்பது காசு ஒரு ரூபாயாகி, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயான கதையும் பெட்டியிலேயே உண்டு. அழகுக்காக அவ்வெழுத்தைத்தான் நான் வெட்டியெறிந்திருக்கிறேன்!

குப்பை என்பார் வீட்டிலும் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு அழைப்பிதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை மொத்தமாக வாங்கியதால்தான் 1994இல் சென்னையில் நூலகம் எழுந்தது. என் டப்பாக்களுக்கு அந்த யோகமில்லை. பின்னால் எடுப்பவருக்கு விளங்க வேண்டுமே என்று, எந்தப் படம் எங்கே, எந்த ஆண்டு கிடைத்தது என்று பட்டியலெழுதி வருகிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது. பரணில் இன்னும் இரண்டு டப்பாக்கள்.